அழித்த பிறகும் இருந்த படம்

திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கிறேன். அழித்ததைத் திரும்பக் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். நிஜமாகவே அழிந்துவிட்டதா என்று கேட்டு வந்தவர்கள் ஒரு அண்ணனும் தங்கையும்தான்.

அண்ணன் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போடுகிறவர். தங்கையின் மகளுக்கு முன்பு ஓரிடத்தில் நிச்சயமாகி முறிந்துவிட்டது. ஆத்திரத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நிச்சயதார்த்தப் படங்களை எல்லாம் அண்ணன்தான் அழித்தார். இப்போது புது இடம் அமைந்து, புது மாப்பிள்ளையின் தங்கை படிக்க அந்தக் கம்ப்யூட்டரைத் தருவதாகச் சபையில் வாக்கும் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. முறிந்த கதை அந்த வீட்டுக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, படமாகப் பார்ப்பது வேறு என்று பெண்ணின் அம்மா பயந்தார்.

"ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணீட்டனுங்க. இன்னும் என்னங்க இருக்கும்?" என்றார் அண்ணன்.

தண்ணீர் வராத போர்க்குழியின் வாயில் கல்லை வைத்தால் குழி இல்லாமல் போய்விடுமா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் படத்தின் பெயரைத்தான் மறக்கிறது. அந்த இடத்தில் வேறொன்றை எழுதி நிரப்பும்வரை படம் உள்ளேயே கிடக்கும். அவர் நம்பவில்லை. மீட்கும் சாஃப்ட்வேரை ஓட்டினேன், படங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

ஒன்றில் அந்த அம்மாவின் கணவர் இருந்தார். சம்பந்தம் முறிந்த கொஞ்ச நாளில் மாரடைப்பில் போனவர். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது ஆதார் அட்டைக்கு எடுத்த முகமாம். இதில் வாய்விட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் பழைய மாப்பிள்ளை, அவர் தோளில் கை போட்டபடி.

இது ஒன்று மட்டும் வேண்டும் என்றார் அம்மா. அதை என் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு, அவர்களுடைய டிஸ்க் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்ப விட்டேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே படத்தில் மாப்பிள்ளையை வெட்டினேன். தோளில் கை மட்டும் மிஞ்சியது. அதையும் எடுத்துவிடச் சொன்னார் அண்ணன். எடுப்பது பெரிய வேலையில்லை.

"கை இருக்கட்டுங்க சாமி," என்றார் அந்த அம்மா. "எங்கூட்டுக்காரரு அன்னைக்கு அப்படிச் சிரிச்சதே, அந்தக் கை தோள்ல உழுந்ததுக்குத்தானுங்க."

அண்ணன் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.