கலங்கல் தண்ணீரில் ஆயிரம் வாட்

தாராவியில் சுயம்புவை அறியாத கல்யாண வீடு கிடையாது. செம்பூர் ஸ்டுடியோ ஒன்றில் லைட்மேன். ஞாயிற்றுக்கிழமையானால் விளக்கு இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டுங்கா லேபர் கேம்ப் வரைக்கும் கல்யாணப் படத்துக்கு வெளிச்சம் பிடிக்கப் போவார். அவருடைய சாத்திரம் ஒன்றே ஒன்றுதான்: இருக்கிறதிலேயே பெரிய விளக்கை எடு, கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்து, நேரே மூஞ்சியில் அடி. நம் சனத்தில் மாப்பிள்ளை கறுப்பு, பெண் அதைவிடக் கறுப்பு. படத்தில் மட்டும் இரண்டு பேரும் கோதுமை நிறத்தில் வரவேண்டும். சுயம்பு வரவைத்தார். பிறகென்ன, தலையில் கொம்பு முளைத்துவிட்டது.

வாயும் கொஞ்சம் நீளம். பிறந்தது சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு; குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊர். பம்பாயில் வந்து இறங்கியதும் மனுசன் ஸ்ரீவைகுண்டத்துக்காரன் ஆகிவிட்டார். "தாமிரவருணி வெள்ளத்துல அக்கரைக்கும் இக்கரைக்குமா நீந்துனவம்லா நான்!" என்று டீக்கடையில் அளந்து அளந்து, பெண்டாட்டி அன்னத்தாயே நம்பிவிட்டாள். உண்மையில் இடுப்பளவுத் தண்ணீரைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பார்.

அறுபத்தாறாம் வருஷம் முகைதீன் அவரைத் தேடி வந்தான். அதே சந்தில் குடியிருப்பவன். கீழக்கரையில் சங்கு குளித்த குடும்பம். இங்கே துறைமுகத்தில், முழுகின கப்பலைத் தூக்குகிற கம்பெனி ஒன்றில், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்குகிற வேலை. அப்போது இரும்புத் தோணி ஒன்று அடியில் கிடந்தது. முங்கிப் பார்த்துவிட்டு வந்து, அடித்தகடு கிழிந்திருக்கிறது, சங்கிலி போட்டுத் தூக்கினால் இரண்டாகப் பிளந்துவிடும் என்றான் முகைதீன். ஆபீசர் நம்பவில்லை. வேலைக்குச் சோம்பிக் கதை கட்டுகிறாய், படம் எடுத்துக் காட்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார். கண்ணாடி வைத்த இரும்புப் பெட்டிக்குள் செம்பூர் ஸ்டுடியோ கேமராவைப் பூட்டித் தருவதாகக் கம்பெனி ஏற்பாடு. விளக்குக்குத்தான் ஆள் வேண்டும்.

"அண்ணாச்சி, உங்களை விட்டா யாரு இருக்கா? எம்பொழப்பே இதுலதான் கெடக்கு" என்றான்.

"கவலைய விடு வே. தோணிக்கு மஞ்சப் பூசி மணவறையில உக்காத்தி வச்சுருதேன்."

மூன்று விளக்குகளைப் பித்தளைக் கூட்டில் அடைத்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார். தண்ணீர்க் காட்சி எடுக்கிற ஸ்டுடியோ தொட்டியின் மேட்டில் கால் நனையாமல் நின்றுகொண்டு, கயிற்றில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். தொட்டியில் குழாய்த் தண்ணீர், பளிங்கு மாதிரி. ஆயிரம் வாட் விளக்கைப் போட்டதும் அடியில் கிடந்த அரையணா தெரிந்தது. அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, துறைமுகத்து டாக்குத் தண்ணி இப்படி இருக்காது. கலங்கல். அங்க ஏணியில ரெண்டு படி எறங்கி, முகத்துல கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒருக்கா பாத்துருங்களேன்" என்றான் முகைதீன்.

"எனக்கே வெளிச்சம் சொல்லித்தாரியா?" என்று சுயம்பு எகிறினார். எகிறாமல் என்ன செய்வார்? ஏணியில் இறங்கினால் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடுமே.

படம் எடுத்த அன்று படகின் நட்டநடுவில் உட்கார்ந்து, பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஜெனரேட்டருக்கு உத்தரவு போட்டார். விளக்கைக் கேமராவோடு ஒட்டி முடுக்கிக் கொடுத்திருந்தார். முகைதீன் அதைத் தூக்கிக்கொண்டு முங்கினான்.

பிலிமைக் கழுவி ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தார்கள். அடக்கடவுளே! திரை முழுக்கப் புட்டுமாவைத் தூவினாற்போல ஒரே வெள்ளை. சேற்றுத் துகள் ஒவ்வொன்றும் அந்த ஆயிரம் வாட்டை வாங்கித் திருப்பிக் கேமராவின் கண்ணிலேயே அடித்திருந்தது. தோணியும் இல்லை, கிழிசலும் இல்லை. சுயம்புவுக்கு நொடியில் விளங்கிவிட்டது.

ஆபீசர் இந்தியில் அவரைத்தான் கேட்டார்: "லைட்டில் ஏதாவது கோளாறா?"

"நை சாப். லைட் டீக் தா", லைட் சரியாகத்தான் இருந்தது என்றார் சுயம்பு. தன் வாய்தானா சொன்னது என்று அவருக்கே திக்கென்றது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

முகைதீன் அவரை ஒரு தரம் பார்த்தான். அந்த வாரக் கடைசியோடு முகைதீனைக் கணக்கு முடித்துக்கொள்ளச் சொன்னார் ஆபீசர்.

அதற்குப் பிறகு சுயம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தில் முகைதீன் வருவது தெரிந்தால் மூத்திரச் சந்துக்குள் ஒதுங்குவார். "பாவம், அவம் பொண்டாட்டி சைனப் ரெண்டு பிள்ளையள வச்சுக்கிட்டு என்ன செய்வா? உங்க வெளக்கு இருந்தும் இப்படி ஆயிட்டே" என்று அன்னத்தாய் உச்சுக்கொட்டினாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது அவருக்கு.

அதைக் கேட்ட மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போய் ஆபீசர் முன்னால் நின்றார். தப்பு என் விளக்கில்தான் சாப், முகைதீன்மேல் இல்லை, இன்னொரு தரம் படம் எடுக்க விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். தண்ணீரைப் பார்க்காமலா விளக்கு வைத்தாய் என்று ஆபீசர் திட்டினார். நேரம் இல்லை சாப் என்றார் சுயம்பு. அங்கேயும் ஒரு பொய்! முகைதீனை இன்னும் ஒரே ஒரு தரம் முங்கவிட ஆபீசர் சம்மதித்தார்.

இனித் தண்ணீரைப் பார்த்தே ஆகவேண்டும். எப்படி இறங்குவது என்று படித்துறையில் வியர்த்து நின்றபோது, முங்குவதற்கு வந்திருந்த முகைதீன் கேட்காமலே ஒரு கண்ணாடிச் சாடி நிறைய டாக்குத் தண்ணீரை மொண்டு வந்து வைத்தான். டீயைப்போலக் கலங்கி இருந்தது. சாடிக்குப் பின்னால் ஒரு ஆணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார், ஆணி தெரியவில்லை. டார்ச்சை விலக்கி விலக்கிப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனதும் ஆணியின் கொண்டை துலங்கியது. ஆயிரத்தை ஓரங்கட்டிவிட்டுச் சின்ன விளக்கை எடுத்தார். கேமராவிலிருந்து கை நீளத்துக்கு ஒரு கம்பி வைத்து, அதன் நுனியில் சாய்வாக மாட்டினார்.

இந்த முறை திரையில் தோணியின் அடி கறுப்பாக வந்தது. அந்தக் கறுப்பில், ஆள் நுழைகிற அகலத்துக்குத் தகடு கிழிந்து கிடந்தது. ஆபீசர் எழுந்து வந்து சுயம்புவின் கையைக் குலுக்கினார். முகைதீனிடம், நாளையிலிருந்து வேலைக்கு வா என்று மட்டும் சொன்னார்.

செம்பூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. சுயம்பு வாயைத் திறந்தார். "முகைதீனு, ஒண்ணு சொல்லணும். எனக்கு நீச்சலே தெரியாது வே. அதாம் அன்னைக்கு எறங்கல."

"தெரியும் அண்ணாச்சி."

"எப்பத்துலருந்து?"

"படகுல பலகையப் பிடிச்சீயள்லா, அப்பமே."

"பின்ன அந்த ஆபீசர்ட்ட நீ ஏன் சொல்லல? எம்மேலதான் தப்புன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்காதே!"

"தண்ணியப் பாத்தியான்னு உங்களைக் கேப்பாரு. எறங்குன்னு சொல்லுவாரு. அத்தனை பேருக்கு முன்னால உங்க மானம் போகும். எனக்கு வேலைதான போச்சு, கூலி வேலை எங்கயும் கிடைக்கும்னு இருந்துட்டேன்."

இவன் அவர் மானத்துக்காகத் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்தான். அவரோ அதே மானத்துக்காக அவன் பிழைப்பைப் பிடுங்கினார். சுயம்புவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தாராவி வந்ததும், "வாங்க அண்ணாச்சி, எறங்குவோம்" என்று முகைதீன் கூப்பிட்டான். "நீ போ வே" என்றார் சுயம்பு. பஸ் அடுத்த நிறுத்தத்துக்குக் கிளம்பிய பிறகும் அவர் தலையை நிமிர்த்தவில்லை.