வாயை மட்டும் அசை

சவரியம்மாள் பாட மாட்டாள் என்பது மண்ணூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஊர் அவ்வளவு சுலபமாக ஒருத்தியைப் பற்றி முடிவுகட்டிவிடும். சவரி அதைவிடச் சுலபமாகத் தன்னைப் பற்றி முடிவுகட்டியிருந்தாள்.

ஐம்பதுகளின் தொடக்கம். அவளுக்குப் பத்து வயது இருக்கும். பிஷப் வருகிறார் என்று கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளை வரவேற்புப் பாட்டுக்கு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். சவரி அடிவயிற்றிலிருந்து பாடுகிற பிள்ளை. களத்தில் பாடினால் ஏரிக்கரையில் கேட்கும் என்று அவள் அப்பா பெருமையடித்துக்கொள்வார். அன்று காலை அம்மா கொடுத்த மிளகுக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வந்து நின்றாள். பிஷப்பின் கார் தெருமுனை திரும்பியபோது கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகள் லூர்து மேரி, அவள்தான் பாட்டு சொல்லிக்கொடுத்தவள், குனிந்து, "சவரி, நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையின் ரிப்பனைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

நரம்பில்லாத நாக்கு, சொல்லிவிட்டு மறந்துவிட்டது. கேட்ட காது மறக்கவில்லை. சவரி அன்று வாயை அசைத்தாள். அடுத்த ஞாயிறும் அசைத்தாள். யாரும் ஏன் என்று கேட்காததுதான் அவளுக்கு வலித்தது. தன் குரல் இல்லாமலே பாட்டு நிறைந்துவிட்டதென்றால், அது என்றைக்குமே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

வளர்ந்து நடவுக்குப் போனாள். பாப்பம்மாள் முதலடி எடுத்துப் பாட, மற்றப் பெண்கள் திருப்பிப் பாடியபடி நாற்று ஊன்றுவார்கள். சவரி உதட்டை அசைத்தபடி ஊன்றுவாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பாட்டில் அடங்கிய வாய் மற்றதிலும் அடங்கிப்போனது. குழாயடியில் அவள் குடத்தை யாராவது பின்னால் தள்ளி வைத்தால்கூட ஏனென்று கேட்க மாட்டாள்.

செங்கல் சூளையில் வேலை பார்த்த யாகப்பனைக் கட்டிக்கொண்டாள். மகள் பிறந்தபோது தூளியை ஆட்டினாளே தவிர, தாலாட்டவில்லை. யாகப்பன்தான் தன் கரகரத்த குரலில் பாடித் தூங்கவைத்தான்.

"உனக்குள்ள பாட்டு கீது, எனக்குத் தெரியும். நான் போறதுக்குள்ள ஒருதபா பாடிடு" என்பான்.

"போய்யா" என்பாள். அந்த ஆசை தனக்கும் உண்டு என்று அவனிடம் சொன்னதில்லை.

எண்பதுகளில், வயல்களில் வரப்போகிற ஏதோ கம்பெனிக்காக அளவுக்கல் நட்டுக்கொண்டிருந்த வருஷம், யாகப்பன் சூளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழவில்லை.

வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பாப்பம்மாள் சவரியின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியின் முதலடியை எடுத்தாள். கட்டினவள் சொல்லி அழவேண்டிய நேரம். சவரியின் உதடு அசைந்தது, சத்தமில்லை. "கல்லு மனசு" என்று பின்னால் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

நரைத்துப்போன லூர்து மேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னாடி சவரி, வாயை மட்டும் அசைச்சிகினு கீற? வாயைத் தொறந்து அழு."

சவரி நிமிர்ந்து பார்த்தாள். "நீதானேக்கா அப்பிடிச் சொன்ன. பிஷப்பு வந்த அன்னிக்கு."

லூர்து மேரிக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அடிப்பாவி. அன்னிக்கு உனக்குத் தொண்டை கட்டிகினு இருந்துச்சி. நோவுமேன்னு சொன்னேன். அன்னிக்கு மட்டுந்தான்டி. சவரி பாடாம பாட்டே எடுபடலன்னு எங்கப்பா என்னைத்தான் திட்டினாரு."

சவரி யாகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருதபா என்று கேட்டவன். அவனுக்காக வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி இழுத்தாள், அப்போதும் காற்றுதான்.

அதற்குள் கோயில் மணி அடித்து, அவனைப் பெட்டியில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். பெண்கள் சாவுப் பாட்டைத் தொடங்கினார்கள். சவரியம்மாள் உதட்டை அசைத்தபடி பின்னால் நடந்தாள்.