வீட்டுக்கு முன் வந்த தாழ்ப்பாள்

மண்டூருக்கு வாவியைக் கடக்கும் படகில் என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கையிலிருந்த புதுத் தாழ்ப்பாளை ஓயாமல் இழுப்பதும் அடிப்பதுமாக இருந்தார். டக், டக். எனக்குப் பல் கூசியது.

"கள்ளனுக்குப் பயமா அக்கா?" என்றேன் சிரித்தபடி, பெரிய பகிடிக்காரன் மாதிரி.

"கள்ளன் என்னத்த எடுக்கிற மனே? சின்னனில எங்கட குடிசைக்குக் கதவெண்டா ஒரு பழைய சீலைதான். காத்தடிச்சா றோட்டால போறவனெல்லாம் உள்ள பாப்பான். சட்டை மாத்தவும் அம்மா காவல் நிக்கணும்."

"இப்ப கட்டுற வீட்டுக்கா இது?"

"ஓம். இன்னும் அத்திவாரம் வெட்டல்ல."

என் பகிடி வாவியில் விழுந்து மூழ்கியது. கரை தட்டியதும் அவர்தான் முதலில் இறங்கினார்.

நாலு அறை வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் கதவுகளில் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே வரவில்லை.