ஐந்து பேருக்கு ஐந்து சொல்

புதுச்சேரிக்கு வந்த முதல் வாரத்தில் தபாலாபீசுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் போலவே கறுப்பு, என்னைப் போலவே நெற்றியில் திருநீறு. பிரெஞ்சில் என்னவோ கேட்டார். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவர் மறுபடியும் பிரெஞ்சிலேயே கேட்டார், கொஞ்சம் உரக்க. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் நின்ற மீன்காரி பொறுக்க மாட்டாமல், "ஏம்ப்பா, ரெண்டு பேருக்கும் வாயில தமிழே வராதா? வெயில் ஏறுது, சீக்கிரம் வுடுங்க" என்றாள். அசடு வழியத் தபால்தலையை வாங்கிக்கொண்டேன். "இங்க இங்கிலீஷ் செல்லாது, முசே" என்றார் அவர். ஐயா என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது.

சென்னைப்பட்டணத்தில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு உட்கார நாற்காலி கிடைக்கும். நூறு மைல் தள்ளி, அதே வெயிலில், அதே கடற்கரையில், அவன் வாயில்லாப் பூச்சி. போலீஸ்காரன் தொப்பி வேறு, தெருப் பெயர் வேறு, கோர்ட்டின் பாஷை வேறு. என் இங்கிலீஷுக்கு இந்த ஊரில் மதிப்பிருந்த ஒரே இடம் ஒரு துணி ஆலை. அதன் மானேஜர் இங்கிலீஷ் துரை. தறி ஓட்டுகிறவர்கள் தமிழர்கள். அவர்கள் சொல்வதை இவருக்கும், இவர் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்ல நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெருமைக்குக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் படித்த நாளில் நானே எழுதிச் சேர்த்தது. ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் பரிசோதகர் மார்க்கைக் குறைத்துவிடுவார் என்று எங்களை நடுங்க வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தேன். குழப்பம் என்ற தலைப்பில் மட்டும் ஒரு பக்கம் நிறைந்தது. கன்ஃப்யூஷன், டிஸார்டர், கமோஷன், டியூமல்ட், ரயட் என்று வரிசையாக எழுதி, பட்டணத்தில் மிளகாய் மண்டித் தெருவில் எங்கள் வீட்டு மாடியில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். முதல் சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அப்போது யோசிக்கவில்லை. முதலாவது, மனிதனுக்கு ஒன்றும் விளங்காமல் போவது. கடைசியானது கலகம், சர்க்கார் தண்டிக்கிற குற்றம். எனக்கோ இரண்டும் மார்க் வாங்கித் தருகிற சொற்கள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆலையில் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு நாள் காலை வாசலில் கூட்டம் நெருக்க, கேட் திறந்துகொண்டது. கண்ணாடிகள் உடைந்தன, யாரோ ஒரு மேஸ்திரிக்கு மண்டையில் காயம். போலீஸ் வந்ததும் கூட்டம் சிதறி ஓடிவிட்டது. தறிக் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்ற ஐந்து பேர்தான் அகப்பட்டார்கள். அவர்களுடைய வாக்குமூலத்தை வாங்கி இங்கிலீஷில் டைப் செய்து வைக்கும்படி துரை எனக்கு உத்தரவு போட்டார். அதைப் பார்த்துத்தான் யாரைத் திரும்ப வேலையில் சேர்ப்பது என்று அவர் முடிவு செய்வார்.

ஐந்து பேரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொன்னார்கள். கடைசியாக வந்தவன் சவரிமுத்து. உழவர்கரைக்காரன், மாதா கோயில் திருவிழாவில் தேர்வடம் பிடிக்கிற நல்ல உடம்பு, பேச்சு மட்டும் வராது. "நானும் அந்தக் கொழப்பத்துல மாட்டிக்கிட்டேங்க ஐயா. யாரு அடிச்சாங்க, யாரு ஒடச்சாங்க, ஒண்ணும் தெரியல. தறியாண்ட போயி நின்னுட்டேன்" என்றான். மற்ற நால்வரும் இதே குழப்பத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். ஐந்து வாக்குமூலமும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக வரவேண்டும். ஐந்து இடத்திலும் கன்ஃப்யூஷன் என்று அடிக்க என் கை கூசியது. துரை என்ன நினைப்பார்? முதல் ஆளுக்கு கன்ஃப்யூஷன் போட்டேன். இரண்டாமவனுக்கு டிஸார்டர். அடுத்தவனுக்கு கமோஷன், அதற்கடுத்தவனுக்கு டியூமல்ட். சவரிமுத்துவின் முறை வந்தபோது மிச்சமிருந்தது ரயட். தாளை உருவி ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது.

மறுநாளே நால்வருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சவரிமுத்துவின் பெயருக்குக் கீழே துரை சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கலகத்தில் இருந்ததாக அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று தாள் போலீசுக்குப் போயிற்று. துரையின் அறைக்கு ஓடி, அவனும் மற்றவர்கள் சொன்னதைத்தான் சொன்னான், ஐந்தும் ஒரே சொல்தான் என்றேன். அவர் தலையை நிமிர்த்தினார். "ஒரே சொல்லா? அப்படியானால் ஐந்து பேருமே ரயட்டில் இருந்தவர்கள். மற்ற நாலு பேரையும் போலீசுக்கு அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். "அல்லது நீ டைப் செய்ததே தப்பா?"

"இல்லை சார். டைப் செய்தது சரிதான்" என்றேன்.

அந்த நாலு பேருக்காகச் சொன்னேனா, என் நாற்காலிக்காகச் சொன்னேனா என்று இன்றுவரை என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. நாற்காலிக்காகத்தான் என்று நினைக்கிறேன். கோர்ட்டில் அந்தத் தாளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். சவரிமுத்துவுக்கு ஆறு மாதம் ஜெயில்.

அடுத்த வாரம் அவன் மனைவி ஆரோக்கியமேரி ஆலை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, அவுரு என்னா சொன்னாருன்னு எனக்கு ஒருதரம் சொல்லுங்க. ஊரே அவுருதான் எல்லாத்தியும் பண்ணாருன்னு பேசுது." அவன் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். "இத்தத்தான எல்லாரும் சொன்னாங்க? பக்கத்து ஊட்டு ராயப்பன் இதேதான் சொன்னானாம், அவன் வேலைக்குப் போறானே. எங்க ஊட்டுக்காரரு மட்டும் இன்னா பண்ணாரு?" என்றாள். கோர்ட் விஷயம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

வெளியே வந்த பிறகு சவரிமுத்துவை இந்த ஊரில் எந்த ஆலையும் சேர்க்கவில்லை. பட்டணத்து ஆலைகளில் கேட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்து, விவரம் கேட்க என்னிடமே வந்தான். என் அண்ணன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அவன் இப்போது உங்கள் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாதவன். உங்களில் யாருக்காவது அவனைத் தெரிந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். எதிரில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சொல்ல வேண்டும் என்றுதான் அவர்கள் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை கனகசெட்டிக்குளம் வரை மாட்டுவண்டியோடு கூடவே போனேன். வழி நெடுக அவன் என் அண்ணனைப் பற்றியும், பட்டணத்தில் கோயில் பக்கத்தில் இருக்குமா என்றும் கேட்டுக்கொண்டே வந்தான். எல்லையில் சுங்கச் சாவடிக்காரர்கள் பெட்டியைத் திறந்து, இரண்டு புடவையையும் ஒரு மாதா படத்தையும் பார்த்துவிட்டு மூடினார்கள். சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க ஜனத்துக்காக நீங்க ஒருத்தர்தான் தொரைகிட்ட பேசனீங்கன்னு ராயப்பன் சொன்னான். உங்க ஊருக்கு நான் போறேன் ஐயா. எங்க ஊர நீங்க பாத்துக்குங்க" என்றான். நான் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன். வண்டி சாவடியைத் தாண்டி, நான் பிறந்த ஊருக்குப் போகும் சாலையில் ஏறியது. ஆரோக்கியமேரி தன் ஊரைக் கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.