கீழ்வீட்டுக் குதிரைகள்

நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. தங்கள் சப்பாத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் இரண்டு ஆண்கள் தொலைக்காட்சியில் ஓடும் குதிரைகளுக்காகக் கத்துவது தண்ணீர்க் குழாய் வழியாக எங்கள் குசினிக்குக் கேட்கும். ஒரு குரல் கீழ்வீட்டு டெக்லனுடையது. அயர்லாந்துக்காரர், சுவர் பூசுபவர், பல்கனியில் பெரிய டிஷ் அன்டெனா வைத்திருப்பவர். மற்றக் குரல் என் அப்பாவுடையது.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அப்பாவின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மீன் ஏலம் கூறினால் கரை முழுக்கக் கேட்குமாம். பள்ளிக்கூடம் போகாதவர்; எட்டு வயதில் வள்ளம் ஏறியவர்; பிறகு இந்த நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பத்து வயதில் இங்கே வந்தேன். பதினொரு வயதில் அப்பாவின் 'தொல்க்', அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனேன். டொக்டரிடமும் அலுவலகங்களிலும் அந்த ஏலக்குரல் எனக்குப் பின்னால் கைகட்டி நிற்கும். அதிகாரி ஐந்து நிமிடம் பேசுவார். அப்பா என் முகத்தைப் பார்ப்பார்.

"என்ன பிள்ளை சொல்லுறார்?"

"ஒண்டுமில்லை அப்பா, ஒஃபிஸ் கதை. இதிலை சைன் வையுங்கோ."

அவருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை நானே தீர்மானித்தேன். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். அதனால்தான் டெக்லனின் வீட்டை என்னால் பொறுக்க முடியவில்லை. டெக்லனுக்கு நோர்வேஜிய மொழி அரைகுறை, அப்பாவுக்குக் கால்வாசி. ஆனாலும் அங்கே அப்பாவுக்கு நான் தேவைப்படவில்லை. ஊர்க்குரல் திரும்பி வந்துவிட்டது. எனக்காக அல்ல, குதிரைகளுக்காக.

அன்று ஈஸ்டர் திங்கட்கிழமை. எனக்கு நிரந்தரத் தாதி வேலை கிடைத்த கடிதத்தை எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளில் வாசிக்கலாமென்று ஒரு வாரமாக ஒளித்து வைத்திருந்தேன். அம்மா இறால் குழம்பை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"உன்ரை கொப்பர் கீழை குதிரையேறப் போயிட்டார். அயர்லாந்திலை இண்டைக்குப் பெரிய ஓட்டமாம். போய் இழுத்துக்கொண்டு வா."

கடிதத்தோடு கீழே போனேன்.

"அப்பா, ஒரு விஷயம்."

"பொறு பிள்ளை, இன்னும் ஏழு பாய்ச்சல் கிடக்கு."

எனக்கும் தெரியும் என்று காட்ட, "ஏழு ஹேர்டில்தானே?" என்றேன்.

"ஹேர்டில் இல்லை, இது ஃபென்ஸ். ஹேர்டில் உயரம் குறைவு, கால் பட்டாச் சாஞ்சு குடுக்கும். ஃபென்ஸ் குடுக்காது. குதிரைதான் விழும்."

எழுத்துத் தெரியாத அப்பா, ஓட்டுபவர்களின் சட்டை நிறங்களை வைத்தே ஒவ்வொரு குதிரையின் பெயரையும் சொன்னார். முதன்முறையாக அவர் எனக்கு ஒன்றை மொழிபெயர்த்தார். சந்தோஷமாகக் கேட்டிருக்க வேண்டும். வயிறெரியக் கேட்டேன்.

அடுத்த தடையில் பச்சைச் சட்டைக்காரர் விழுந்தார். குதிரை நிற்கவில்லை. முதுகில் ஆளில்லாமலே மற்றவற்றோடு ஓடி, தடைகளையும் தாண்டியது.

"இது முதலாவதா வந்தா?"

"வந்தாலும் சேர்க்கமாட்டினம்."

ஓட்டம் முடிந்தது. "இப்ப வாசி" என்றார். கடிதத்தைத் தமிழாக்கி வாசித்தேன், இந்தமுறை ஒரு வரியும் விடாமல். அப்பா டெக்லன் பக்கம் திரும்பினார். ஒரு கையை நிமிர்த்தித் தடையாக்கினார். மற்றக் கையின் இரண்டு விரல்கள் அதைத் தாண்டின. மறுபடியும் தாண்டின, இன்னும் உயரமாக. பிறகு என்னைக் காட்டி, அவர்கள் இருவருக்கு மட்டுமே விளங்கும் சொற்களில் ஏதோ சொன்னார். டெக்லன் துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வேலை, என் கடிதம். அதைக்கூட என் உதவியில்லாமலே சொல்லிவிட்டார்.

"என்ன அப்பா சொன்னீங்கள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. குதிரைக் கதை."

மேலே அம்மா குழாயில் கரண்டியால் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டார். திரையில் அந்த ஆளில்லாக் குதிரை இன்னும் பிடிபடவில்லை. ஓடுபாதைக்கும் லாயத்துக்குப் போகும் வழிக்கும் நடுவில் நின்று, ஒரு காதை இந்தப் பக்கமும் மறு காதை அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது. அதை யாராவது பிடிக்கும்வரை என்னால் கதவைத் தாண்ட முடியவில்லை.