மில்ரன் காட்டிய கடல்

மில்ரனைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பேசாலையில் எவருடைய படகு எஞ்சின் நின்றாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற மனுசன். ஒரே ஒரு வியாதிதான், மினுக்கம். வீட்டின் முன்சுவருக்கு மூன்று வர்ணம் அடித்திருப்பார். பின்னால் சமைக்கிற குசினிச் சுவர் இன்னும் பூசாத கல்லு.

மகள் டினோஜா வெள்ளாங்குளத்தில் அம்மம்மாவோடு வளர்ந்து, போன வருடம்தான் இங்கே வந்தவள். வாய் திறக்காத பிள்ளை. அவளை எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்க வீட்டுப் பிள்ளைகளோடும் சேர்த்துவிட்டது டிவியில் பூட்டி விளையாடுகிற ஒரு பழைய கேம் பெட்டி. அதில் படம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கார் எது மாடு எது என்று ஊகிக்க வேண்டும். ஆனாலும் பின்னேரமானால் விறாந்தை நிறையப் பிள்ளைகள், ஒரே கூச்சல். டினோஜாவும் கத்துவாள்.

பிரான்சிலிருந்து மில்ரனின் தங்கை புதுப் பெட்டி அனுப்பினாள். அன்றைக்கே பழையதைத் தூக்கி எதிர்வீட்டு அன்ரோனெற்றிடம் கொடுத்தார். கொடுத்தது பிழையில்லை. "இந்தக் குப்பை உங்கட பிள்ளையளுக்குக் காணும்" என்று நாலு பேர் நிற்கச் சொன்னாரே, அதுதான் பிழை. அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டினோஜாவின் பிறந்தநாளுக்கு ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். பக்கத்து வீடு என்பதால் நானும் கேக் வெட்ட உதவிக்குப் போயிருந்தேன். பிள்ளைகளைக் கைகழுவ வைத்து, வரிசையாக இருத்தி, ஒருத்தரையும் தொடவிடாமல் மில்ரன் தானே புதுப் பெட்டியில் விளையாடிக் காட்டினார். எங்கே விளையாடினார்? ஒரு கப்பலை நிறுத்தி வைத்துக்கொண்டு நுரையைப் பார், தண்ணீரில் வெயில் மினுங்குவதைப் பார் என்று நெடுநேரம் அலையைக் காட்டினார். யாருக்கு? விடிந்தால் பொழுதுபட்டால் கடலிலேயே கிடக்கிற பிள்ளைகளுக்கு!

"மாமா, கடல் அங்கால கிடக்குதுதானே. நாங்கள் எப்ப விளையாடுறது?" என்று அன்ரோனெற்றின் சின்ன மகள் கேட்டாள்.

மனுசன் சுள்ளென்று விழுந்தார். குப்பையில் விளையாடிப் பழகினதுகளுக்கு நல்ல படத்தின் அருமை எங்கே தெரியப்போகிறது என்றார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்பின. கேக் வெட்ட முன்னமே வீடு வெறிச்சோடிப் போனது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து அதே பழைய விளையாட்டுக் கூச்சல் கேட்டது.

டினோஜா மட்டும் இருந்தாள். தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"வடிவான கடல், அப்பா," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போனது. எனக்கே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கேக்கைத் தூக்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி நடந்தார். எதிர்வீட்டு வாசற் படலையடியில் டினோஜா நின்று, கேக் தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நீங்கள் வர வேண்டாம், அப்பா," என்றாள் மெதுவாக. "உங்களைக் கண்டா அவையள் விளையாட்டை நிப்பாட்டிப் போடுவினம்."

உள்ளே போய்ப் படலையைச் சாத்தினாள்.