புங்கந்துறைத் தொகுதிக்கு ஆளில்லை

1985 மார்ச் மாதம், சுவிஸ் நாட்டின் பேர்ணில் அகதி விசாரணை நடந்த அலுவலகத்தில், சச்சிதானந்தன் அண்ணையிடம் அதிகாரி ஒரு சின்னக் கேள்வி கேட்டார். உங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் யார்?

"ஆளில்லை" என்றார் அண்ணை.

மொழிபெயர்த்த அம்மா தமிழ்நாட்டுக்காரர். பாசலில் மருந்துக் கம்பனி வேலையில் இருந்த ஒருவரின் மனைவி. இரக்கப்பட்டு, "சார், ஏதாவது ஒரு பேர் சொல்லுங்க, எழுதிக்கிறாங்க" என்று மெதுவாகச் சொன்னாவாம். அண்ணைக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. "இல்லாத ஆளின்ரை பேரை நான் என்னெண்டு சொல்லுறது, அம்மா?"

அதிகாரி எழுதிக்கொண்டார்: மனுதாரருக்குத் தன் தொகுதி உறுப்பினரின் பெயர் தெரியவில்லை. தேர்தல் பகுதியில் வேலை செய்ததாகச் சொல்வது நம்பத்தக்கதல்ல.

எனக்கு இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் பத்திக்கொண்டு வரும். அந்த மனிசன் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், இருபத்தைந்து வருடம் தேர்தல் கிளாக்கர். அவர் சொன்னது தப்பே இல்லை. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்தால்தான் பாராளுமன்றத்தில் கதிரை என்று இலங்கையில் சட்டம் வந்து, எங்கள் பக்கத்து உறுப்பினர்கள் செய்யமாட்டோம் என்று நின்று, 83 ஒக்டோபரோடு கதிரைகள் காலியாகின. புங்கந்துறைக்கு உண்மையாகவே ஆளில்லை. எங்களைப் போன்றவர்கள் என்றால் பழைய உறுப்பினரின் பெயரைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்திருப்போம். அவருக்கு அது முடியாது.

இதில் அவருடைய உயிரே தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் இராணுவம் வந்து இளம் பெடியன்கள் உள்ள வீடுகளைப் பார்க்க வாக்காளர் இடாப்பைக் கேட்டபோது, அது புத்தகமாகக் கட்டுவதற்குப் போயிருக்கிறது என்று சொல்லி ஒளித்தவர் அவர். அதற்காக அடி வாங்கி, இரண்டாம் முறை தேடி வர முன்னர் நாட்டை விட்டு வந்தவர். தேர்தல் கிளாக்கர் என்பதை இவர்கள் நம்பினால்தான் அந்தக் கதையை நம்புவார்கள். நம்பினால்தான் மனைவி செல்வராணி அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் இங்கே வரலாம். அவருடைய வேலைப் பத்திரங்கள் எல்லாம் கூட்டிவந்த ஏஜென்சிக்காரனோடு போய்விட்டன. கையில் இருந்தது ஞாபகம் ஒன்றுதான்.

மனுவை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. அண்ணை எங்கள் குசினி மேசையில் இருந்து ஒன்பது நாள் தொகுதியின் தேர்தல் சரித்திரத்தை எழுதினார். அப்போது அந்த வீட்டில் நாங்கள் ஆறு பேர். நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னேரம் இடைவேளைக்கு வந்தால், "சிறீ, கேளும்" என்று வாசித்துக் காட்டுவார்.

முதல் உறுப்பினர் ஓர் அப்புக்காத்து, பெரிய வக்கீல். ஐந்து வருடத்தில் தொகுதிக்கு வந்தது மூன்று தரம், அதில் ஒன்று செத்த வீட்டுக்கு. இரண்டாவது ஆள் அவருடைய மைத்துனர், அவரைவிட இருநூற்றுப் பதினான்கு வாக்குக் கூட எடுத்தவர், அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் கதைபேச்சு இல்லை. மூன்றாவது ஒரு பிரக்கிராசியார், அவரும் வக்கீல்தான், தெருவுக்குத் தார் போடுவித்தார், ஆனால் தன் வீட்டு வாசலோடு நிற்பாட்டிவிட்டார். நாலாவது ஆள் பள்ளிக்கூட வாத்தியார். பதவியில் இருக்கும்போதே இறந்து, இடைத்தேர்தல் வந்தது. இப்படியே 1947 தொடங்கி 83 வரைக்கும், யார் வென்றது, யார் தோற்றது, எத்தனை வாக்கு, எந்த மண்டபத்தில் எண்ணியது என்று பன்னிரண்டு பக்கம்.

65ஆம் ஆண்டுத் தேர்தலில் தீவுப்பக்கத்தில் இருந்து வள்ளத்தில் வந்த வாக்குப் பெட்டி ஒன்று காற்றுக்குள் அகப்பட்டு நனைந்துபோனது. சீட்டுகளை மண்டபத்து வாங்குப் பலகைகளில் விரித்துக் காயவைத்துத்தான் எண்ணினார்களாம். அந்த இடத்தில் அண்ணை எழுதியிருந்தார்: "ஒரு சீட்டும் பழுதாகவில்லை. நானே திருப்பித் திருப்பிப் போட்டேன்." வாசிக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும். எம்.பி.மார் வந்தார்கள், போனார்கள், அந்தத் தொகுதியைத் தாங்கிப் பிடித்ததே தான் என்பதுபோல இருப்பார்.

அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் பதிவுத் தபாலில் போடும்படி என்னிடம் தந்தார். நான் போட்டேன். ஆனால் போட முதல், உணவகத்துப் பின்கட்டில் இருந்து, முக்கியமானவற்றை ஒரு கொப்பியில் பார்த்து எழுதிவிட்டேன்.

எனக்கும் விசாரணை வர இருந்தது. இருபத்திரண்டு வயதில் வந்தவன், ஒருநாளும் வாக்குப் போடாதவன், எனக்கென்ன தெரியும்? அதே கேள்வியை என்னிடமும் கேட்டால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவேண்டும். அண்ணையிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர், "தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லும்" என்பார். அதனால் கேட்கவில்லை.

என்னோடு வேலை செய்த தவராஜா கேட்டான், கொப்பியைக் கொடுத்தேன். அவன் ரெயில் நிலையத்தில் காசு போட்டுப் பிரதி எடுக்கும் மெசினில் எடுத்து வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அது கால் முளைத்து நடக்கத் தொடங்கியது. ரெனான் என்ற ஊரில் இருந்த பெடியன்களிடம் போனது, பாசலுக்குப் போனது. கடலே இல்லாத வவுனியாவில் இருந்து வந்த ராசா என்று ஒருவன், அதிகாரி தகப்பனுடைய பெயரைக் கேட்கவே, "65இலை எங்கடை பெட்டி நனைஞ்சது" என்று தொடங்கினானாம். கேட்டுவிட்டு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒக்டோபரில் என் விசாரணை நடந்தது. கேட்டார்கள், சொன்னேன், அதிகாரி தலையாட்டினார். அடுத்த தைப்பொங்கலுக்கு முதல் எனக்குத் தங்க அனுமதி வந்துவிட்டது. அண்ணைதான் முதலில் கைகொடுத்தார். "நல்லாக் கதைச்சிருக்கிறீர் போலை" என்றார்.

86 மே மாதம் அண்ணையை மறுபடி கூப்பிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை, கூடப் போய் வாசலில் நின்றேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. ட்ராமில் ஏறி இருந்தோம்.

"சிறீ, மேசையிலை ஒரு கடதாசி வைச்சவங்கள், ஆரோ ஒரு பெடியனிட்டைப் பிடிச்சதாம்" என்றார் பிறகு. "என்ரை சரித்திரம்தான். ஆனா என்ரை எழுத்தில்லை. பதினொரு பேர் இதே வசனத்தை ஒப்புவிச்சிருக்கினம். இதை ஆர் எழுதினது எண்டு கேட்டவங்கள்."

என் எழுத்து கோழி கிண்டினதுபோல இருக்கும். அதைச் சொல்லி எத்தனை தரம் என்னைப் பகிடி பண்ணியிருக்கிறார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள், அண்ணை?"

"நான்தான் முதல் எழுதினது எண்டு சொல்லலாம். அது உண்மை. ஆனா அப்ப மற்றவை என்னட்டைப் பாத்து எழுதினதெண்டு ஆகும். பதினொரு பேற்றை பைலையும் திருப்பித் திறப்பம் எண்டு அதிகாரி சொன்னவர். அனுமதி குடுத்ததையும் பறிப்பினமாம்."

"பிறகு?"

"அது எங்கடை பள்ளிக்கூடத்துப் பாடம் எண்டு சொல்லிப்போட்டன். ஊரிலை எல்லாருக்கும் பாடம். நானும் அதைப் பாத்துத்தான் எழுதினனான் எண்டன்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணை, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடி, அந்த அதிகாரியிடம் என் கையெழுத்தைக் காட்டி, எழுதியவன் நான், அறிந்தவர் அவர் என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. என் சட்டைப் பையில் அனுமதிப் பத்திரம் இருந்தது. அதை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது அப்போது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அன்றைக்கும் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்குப் பாண் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிக்கொண்டார்.

ஓகஸ்டில் மறுப்புக் கடிதம் வந்தது. அதை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டியவனும் நான்தான், அதற்குள் எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் வந்திருந்தது. மனுதாரர் தேர்தல் அலுவலர் அல்ல, பள்ளிக்கூடப் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதியவர் என்று அவரே ஒப்புக்கொண்டுள்ளார். நாட்டை விட்டு வெளியேற ஆறு கிழமை அவகாசம். அண்ணை கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். "நல்ல வடிவா வாசிக்கிறீர்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செப்டெம்பர் கடைசியில் அவர் பிரான்ஸ் பக்கம் போனார். பரிஸ் நகரில் ஒருவருடைய விலாசம் வைத்திருந்தார். அங்கே போய்ச் சேர்ந்தாரா, பிடிபட்டாரா, எதுவும் தெரியவரவில்லை.

தை மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. செல்வராணி அக்கா எழுதியிருந்தா. "தம்பி, இவரிட்டை இருந்து நாலு மாதமாக் கடிதமில்லை. உங்களுக்கெல்லாம் அனுமதி கிடைச்சிருக்கு, இவருக்கு மட்டும் ஏன் இல்லையெண்டு சனம் கேக்குது. விசாரணையிலை இவர் என்ன பிழை விட்டவர்? ஊரிலை எல்லாத்தையும் விரல் நுனியிலை வைச்சிருந்த மனிசன். உங்களுக்குத் தெரிஞ்சால் மறைக்காமல் எழுதுங்கோ, நான் தாங்குவன்."

இரண்டு கிழமை அந்தக் கடிதத்தோடு திரிந்தேன். நாலு தரம் எழுதிக் கிழித்தேன். நாலு தரமும் உண்மையைத்தான் எழுதினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரம் என் தங்கச்சியையும் கூப்பிட மனுப் போட்டிருந்தேன். கடிதங்களை வழியில் உடைத்துப் பார்க்கிறார்கள் என்று ஒரு கதை இருந்தது. அதை நான் நம்ப விரும்பினேன்.

ஐந்தாவது தரம் இப்படி எழுதினேன்: "அக்கா, அண்ணைக்குப் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோச்சு. எம்.பி.யின் பெயரைக் கேட்டபோதுகூடச் சொல்லத் தெரியவில்லை."

பங்குனியில் பதில் வந்தது. அடி வாங்கின பிறகு அவருக்கு மறதி இருந்தது உண்மைதான், தனக்கும் அப்படித்தான் பட்டது என்று எழுதியிருந்தா. ஒளிக்காமல் சொன்னதற்கு எனக்கு நன்றியும் சொல்லியிருந்தா.